புதுப்பிப்பு: துறைமுக பாயிண்ட்டில் நின்றுபோன ஒய் 7400

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் மாடல் ரயில் எஞ்சின் இப்போது நிற்காமல் ஓடுகிறது.

புதிதாக வருபவர்களுக்கு: 1:87 அளவில், 1960களின் கடைசியில் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் ஓடுவதாக ஒரு கற்பனைக் கிளைப்பாதை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பிரியும் பாயிண்ட்டில் (வண்டி தடம் மாறும் இடம்), பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் ஒய் 7400 ஷண்டிங் எஞ்சின் மட்டும் நின்றுவிடும். கூரைமேல் ஓரமாக ஓட்டுநர் அறை துருத்தி நிற்கும் 'பிக்காஸோ' ரயில்கார் (தானே ஓடும் பயணிகள் பெட்டி) அலட்டாமல் போய்விடும். அதற்குச் சக்கரங்கள் அதிகம். எஞ்சினுக்கோ இரண்டே அச்சு. கிராசிங்கின் (பாயிண்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) பிளாஸ்டிக் துண்டில் ஒரு சக்கரம் ஏறியதும் அந்தப் பக்கம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்க மிச்சம் ஒன்றுதான். அதில் துளி தூசி இருந்தால் போச்சு.

தண்டவாளத்தைத் துடைத்தது கொஞ்ச நேரமே தாங்கியது. மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டருக்கு எஞ்சினுக்குள் இடமில்லை. பலித்தது, உலோக கிராசிங் உள்ள பாயிண்ட் போட்டு, பாயிண்ட் மோட்டாரின் சுவிட்ச் வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்கச் சொன்ன யோசனை. பாயிண்ட் திரும்பும்போது கிராசிங்கின் மின் துருவமும் கூடவே மாறிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: பாயிண்ட் மெயின் லைனுக்கு இருக்கும்போது துறைமுகத்திலிருந்து வண்டி வந்தால் ஷார்ட் ஆகி மொத்த லேஅவுட்டும் நின்றுவிடும். அப்புறம், பாயிண்ட் துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தால் மட்டும் அந்தத் தடத்துக்கு மின்சாரம் போகும்படி வயரை மாற்றினேன். இப்போது எஞ்சின் பாயிண்ட்டுக்கு வெளியிலேயே காத்திருக்கிறது, நிஜ ரயில் மாதிரி.