ஞாயிறு மேட்ச், அன்றைக்கே குடும்பமும் வருகிறது: அவசரமாக யோசனை வேண்டும்

வைகைக்கரை (2025 செப்டம்பர் 3, புதன் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது. என் மேனேஜர் வருகிற ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் மேட்சுக்குக் கூப்பிட்டார், எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வாரம் புதன்கிழமை வருவதாக இருந்த மனைவியின் பயணம் தள்ளிப்போய், இப்போது அவளும் குழந்தையும் அதே ஞாயிறு வந்து இறங்குகிறார்கள்.

இது போதாதென்று ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இந்த சீசனில் எந்த அணி எங்கே முடிக்கும், கடைசியில் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் யாருக்கு என்று எழுதி வெள்ளி மதியத்துக்குள் தர வேண்டும். எனக்கு அமெரிக்க ஃபுட்பாலில் ஒன்றுமே தெரியாது. "நம்ம டீம்" என்று அவர்கள் பேசும்போது முழித்துக்கொண்டு நிற்கிறேன். மேனேஜரிடம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? தாளில் என்ன எழுதுவது? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெக்சாஸ்_வெயில்

தம்பி, மேட்ச் இருக்கட்டும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அரசு தரும் அடையாள எண்) வந்துவிட்டதா? பேங்க் கணக்கு? நான் 2009-ல் வந்தபோது கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லை என்று ஒருவரும் வீடு தரவில்லை. கடைசியில் ஒருவர் தந்தார், அதுவும் இரண்டு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு. காலி பண்ணும்போது கார்ப்பெட்டில் கறை என்று சொல்லி அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கறை நான் வரும்போதே இருந்தது. குடிபோகிற அன்றே சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மெயிலில் அனுப்பி வை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஃபில்லி_பொண்ணு

தாளில் எங்கள் ஃபிலடெல்ஃபியா அணி ஈகிள்ஸ் என்று எழுதுங்கள் அண்ணா. போன சூப்பர் பௌலில் கேன்சஸ் சிட்டி அணியை 40-22 என்று அடித்தோம். தொடர்ந்து மூன்றாவது கோப்பை வாங்க வந்தவர்களை அப்படித் திருப்பி அனுப்பினோம். எங்கள் சேக்வான் பார்க்லி போன சீசனில் பந்தோடு 2,005 கஜம் ஓடினார். நாளை இரவு சீசனே எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது, டல்லாஸ் கௌபாய்ஸோடு. பார்த்துவிட்டு எழுதினாலும் வெள்ளி மதியத்துக்கு நேரம் இருக்கிறது.

மிச்சிகன்_சித்தப்பா

சாம்பியன் அணி மறு வருடமும் ஜெயிப்பது சுலபம் இல்லை. நான் டெட்ராய்ட் லயன்ஸ் என்று சொல்வேன். போன வருடம் 17 ஆட்டத்தில் 15 ஜெயித்தார்கள். ஆட்டத் திட்டம் போட்ட பென் ஜான்சன் சிகாகோவுக்கும், தடுப்பைப் பார்த்துக்கொண்ட ஏரன் க்ளென் நியூயார்க் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்கள், அது இழப்புதான். ஆனாலும் இதுவரை ஒரு சூப்பர் பௌலுக்குக்கூடப் போகாத அணி இது. இந்த ஊரில் 22 வருடமாக இருக்கிறேன், அந்த நாளைப் பார்க்க வேண்டும்.

தம்பி, மேனேஜர் கூப்பிட்டால் போய்விட வேண்டும். முதல் வருடம் நான் எதற்கும் போகாமல் அறையிலேயே இருந்தேன். ஆபீஸில் என் பெயரைச் சரியாகச் சொல்லவே அவர்களுக்கு எட்டு மாதம் ஆனது.

நயாகரா_பக்கத்துவீடு

எந்த ஊர், எந்த அணி என்று அவர் இன்னும் சொல்லவே இல்லையே? தம்பி, எந்த ஊரில் இருக்கிறீர்கள்?

வைகைக்கரை

மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். பஃபலோ. நியூயார்க் மாநிலம். வீடு ஆர்ச்சர்ட் பார்க்கில்.

நயாகரா_பக்கத்துவீடு

ஆர்ச்சர்ட் பார்க்கா! ஸ்டேடியமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது தம்பி. நான் பக்கத்தில் ஹாம்பர்க். பதினாறு வருடமாக பஃபலோவின் பில்ஸ் அணியைப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நாலு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அதற்கு மேல் உதைத்தால் 1, இன்னொரு தடவை கோட்டைத் தாண்டிக் காட்டினால் 2. பாதி வழியில் நின்றுவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 எடுக்கலாம். கபடி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மொத்தம் 32 அணி, ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்று இரண்டு பக்கம். ஒவ்வொரு அணிக்கும் 18 வாரத்தில் 17 ஆட்டம். பக்கத்துக்கு ஏழு அணி ப்ளேஆஃப் போகும். அங்கே ஒரு தோல்வி என்றாலும் வீட்டுக்குத்தான்.

இனி நம் அணி. இந்த ஊர்க்காரர்களோடு பேச வேண்டும் என்றால் அவர்கள் மனதில் இருக்கும் காயம் தெரிந்திருக்க வேண்டும். 1991 ஜனவரியில் முதல் சூப்பர் பௌல். கடைசி நொடிகளில் 47 கஜத்திலிருந்து உதைத்த பந்து வலது பக்கம் விலகிப் போனது, 20-19 என்று தோற்றார்கள். அதற்கடுத்த மூன்று வருடமும் சூப்பர் பௌலுக்குப் போனார்கள், மூன்றிலும் தோல்வி. 2000 சீசனிலிருந்து 17 வருடம் ப்ளேஆஃப் பக்கமே போகவில்லை. 2017-ல் ஷான் மெக்டெர்மட் பயிற்சியாளராக வந்த பிறகுதான் மீண்டார்கள். 2022 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியோடு 13 நொடி பாக்கி, நாங்கள் 36-33 என்று முன்னால் இருந்தோம். அந்த 13 நொடியில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்துவிட்டார்கள். ஆபீஸில் யாராவது "13" என்று சொல்லிவிட்டு அமைதியானால் அது இதுதான்.

போன ஜனவரியில் மறுபடி கேன்சஸ் சிட்டியோடு தோற்றது இன்னும் ஆறவில்லை. நாலாவது வாய்ப்பு, ஒரு கஜத்துக்கும் குறைவு, எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் ஜாஷ் ஆலன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குவியலுக்குள் பாய்ந்தார். ஒரு பக்கத்து நடுவர் கோட்டைத் தாண்டியதாக ஓடி வந்தார், மறுபக்கத்து நடுவர் அதற்குப் பின்னால் கால் ஊன்றினார். இரண்டாமவர் சொன்னதுதான் நின்றது. 32-29 என்று தோற்றோம். அந்த ராத்திரி என் பக்கத்து வீட்டுத் தாத்தா வாசல் விளக்கை அணைக்க மறந்து காலை வரை உட்கார்ந்திருந்தார்.

என் கணிப்பு இதுதான். நம் அணி இருக்கும் ஏ.எஃப்.சி. கிழக்குப் பிரிவை ஐந்து வருடமாக பில்ஸ்தான் ஜெயிக்கிறார்கள், இந்த வருடமும் அவர்கள்தான். நியூ இங்கிலாந்து மட்டும் நெருங்கி வரும். ட்ரேக் மே என்ற பையன் நன்றாக ஆடுகிறான், புதுப் பயிற்சியாளர் மைக் வ்ரேபெலும் வந்திருக்கிறார். நமக்கு 13 வெற்றி. போன வருட எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்) ஜாஷ் ஆலன். வெறும் 6 பந்துதான் எதிராளி கையில் பறிகொடுத்தார், அதுதான் அவரிடம் பெரிய மாற்றம். ஜேம்ஸ் குக் 16 டச்டவுன் ஓடினார், அவருடைய புது ஒப்பந்தமும் போன மாதம் கையெழுத்தாகிவிட்டது. என் பயமெல்லாம் தடுப்பில்தான். ஜோயி போஸாவை எடுத்திருக்கிறார்கள், நல்ல ஆள், ஆனால் அடிக்கடி காயம். வழக்கமான சீசன் ஆட்டங்களில் கேன்சஸ் சிட்டியின் மஹோம்ஸை ஐந்தில் நாலு தடவை ஜெயித்த ஆலன், ப்ளேஆஃபில் நாலுக்கு நாலும் தோற்றதற்குக் காரணம் தடுப்புதான் என்று நான் நினைக்கிறேன். இந்த வருடம் அந்தக் கணக்கு தீரும். ஏ.எஃப்.சி.யில் பஃபலோ, என்.எஃப்.சி.யில் ஈகிள்ஸ், கோப்பை பஃபலோவுக்கு. தாளில் இதை எழுதுங்கள். நான் நம்பித்தான் சொல்கிறேன். ஆனால் தாளில் பணம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

ஞாயிறு வருவது பால்டிமோர் ரேவன்ஸ். ஜனவரியில் அவர்களை 27-25 என்று வெளியேற்றினோம், கோபத்தோடு வருவார்கள். இந்தப் பழைய ஸ்டேடியத்துக்கு இதுதான் கடைசி சீசன், எதிரே புதுசு எழும்பிவிட்டது. கட்டாயம் போங்கள்.

ஸ்கார்பரோ_அக்கா

தம்பி, நான் சொல்வது வேறு. போக வேண்டாம். நான் 1994-ல் கனடா வந்து இறங்கின அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. இரண்டு பெட்டியோடும் கைப்பிள்ளையோடும் மூன்று மணித்தியாலம் நின்றேன். அதை இன்றைக்கும் மறக்கவில்லை. மேட்ச் அடுத்த கிழமையும் வரும். என்ர மகன் பில்ஸ் பைத்தியம். 2008-இல் இருந்து 2013 வரை வருசத்துக்கு ஒரு ஆட்டம் டொராண்டோவிலேயே வைத்தார்கள், அதிலே பிடித்த பைத்தியம். இப்ப ஒவ்வொரு முறையும் பாலம் கடந்து அங்க வாறான். அவனே சொல்கிறான், பிள்ளைதான் முதல் என்று.

டெக்சாஸ்_வெயில்

பஃபலோ என்றால் குளிருக்குத் தயாராக இரு தம்பி. ஏரியிலிருந்து வரும் பனி அது.

மிச்சிகன்_சித்தப்பா

2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறு அடிக்கு மேல் கொட்டியது. பில்ஸ் ஆட்டத்தையே எங்கள் டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். இங்கே கறிவேப்பிலை ஒரு கொத்து என்ன விலை விற்கிறது தெரியுமா? வாடகை, இன்சூரன்ஸ், எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. ஊரில் உள்ளவர்கள் நாம் டாலரில் குளிக்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

ஃபில்லி_பொண்ணு

டேகேர் செலவைச் சொல்லுங்கள் சித்தப்பா. இரண்டு பேர் சம்பளத்தில் ஒருவர் சம்பளம் அதற்கே போகிறது.

ஏரிப்பனி_அக்கா

எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு வழி கேட்டார். தம்பி, நாலு விஷயம் சொல்லுங்கள். விமானம் எத்தனை மணிக்கு? உங்களிடம் கார் உண்டா? குழந்தைக்கு என்ன வயது? கார் சீட் வாங்கிவிட்டீர்களா?

வைகைக்கரை

ராத்திரி 9.10-க்கு இறங்குகிறார்கள், சிகாகோ வழியாக. கார் இல்லை. குழந்தைக்கு இரண்டு வயது. டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கார் சீட் பற்றி யோசிக்கவே இல்லை.

ஏரிப்பனி_அக்கா

அப்படியென்றால் மேட்ச் கிடையாது. அது ராத்திரி 8.20-க்குத்தான் தொடங்குகிறது. மேனேஜரிடம் நாளைக் காலையே நேரில் போய், "பயணம் தள்ளிப்போய்விட்டது, ஞாயிறு ராத்திரி என் மனைவியும் குழந்தையும் இறங்குகிறார்கள், டிக்கெட்டை வேறு ஒருவருக்குக் கொடுங்கள்" என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். காரணத்தைச் சுற்றி வளைக்க வேண்டாம். சீக்கிரம் சொன்னால் அவர் டிக்கெட்டும் வீணாகாது.

டெயில்கேட்டுக்கு மட்டும் வருகிறேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மேட்சுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்திலேயே அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள், உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். மூன்று மணிக்குப் போய் ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள். ஸ்டேடியம் வாசலில் ஆப் டாக்ஸி பிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம், ஆபட் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு நடந்தே வந்துவிடுங்கள். சைவம் என்றால் வீட்டிலிருந்து ஒரு பெரிய டப்பா எலுமிச்சை சாதமோ சுண்டலோ கொண்டுபோங்கள், எல்லோரும் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த மாநிலத்தில் கார் சீட் கட்டாயம். டாக்ஸிக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள், கேட்க வேண்டாம். பழையது வாங்கினால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் காலாவதித் தேதியைப் பாருங்கள், விபத்தில் சிக்கியது வேண்டாம்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள். குடியேற்றச் சோதனை சிகாகோவிலேயே முடியும். அங்கே பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டியதும் மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டி நேராக பஃபலோ வரும் என்று நினைத்து விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

நயாகரா_பக்கத்துவீடு

அக்கா சொல்வதுதான் சரி, நான் கணிப்பிலேயே இருந்துவிட்டேன். தம்பி, ஞாயிறு ராத்திரி நானே காரோடு வருகிறேன். என் பையனின் கார் சீட் மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது, தேதி இருக்கிறது, விபத்து எதுவும் இல்லை. சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பேசிக்கொள்ளலாம். மேட்சை ரேடியோவில் கேட்டுக்கொள்வேன்.

வைகைக்கரை (திங்கள் காலை)

நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. மேனேஜர் ஒரு நிமிடம்கூட முகம் சுளிக்கவில்லை. டெயில்கேட்டில் குழந்தைக்கென்று 17 எண் போட்ட ஒரு சின்ன நீல ஜெர்சி கொடுத்தார், ஆலனின் எண்ணாம். எலுமிச்சை சாதம் அரைமணியில் தீர்ந்தது.

சிகாகோவில் விமானம் தாமதமாகி, வெளியே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஹாம்பர்க் அண்ணன் ரேடியோவை மெதுவாக வைத்திருந்தார். 40-25, பஃபலோ பின்தங்கி. நாலு நிமிடம்தான் பாக்கி, அண்ணன் ஒன்றும் பேசவில்லை. குழந்தை கார் சீட்டில் தூங்கிவிட்டாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது 40-38. இறங்கலாமா என்று கேட்டேன், கையை மட்டும் காட்டி உட்காரச் சொன்னார். அந்த வாரம்தான் அணிக்கு வந்த 41 வயது மேட் ப்ரேட்டர், 32 கஜத்திலிருந்து உதைத்தார், நேரம் முடிகிற அதே நொடி. 41-40. அண்ணன் சத்தம் போடவில்லை, குழந்தை எழுந்துவிடும் என்று இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நொடி ஸ்டேடியம் பக்கமிருந்து வந்த சத்தத்தில் குழந்தையே எழுந்துவிட்டாள். "என்னங்க, இங்க திருவிழாவா?" என்று மனைவி கேட்டாள்.

தாளில் அண்ணன் சொன்னபடியே பஃபலோ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கா, குழந்தைக்குக் குளிர் கோட்டு இப்போதே வாங்கலாமா, அக்டோபர் வரை பொறுக்கலாமா?

ஏரிப்பனி_அக்கா

இப்போதே வாங்குங்கள். ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கார் சீட்டில் உட்கார வைக்கும்போது மட்டும் தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு, பெல்ட் போட்ட பிறகு மேலே போர்த்துங்கள்.