குளிர் விரிசலா, தாமத விரிசலா?

வணக்கம். உயர்வலிமை எஃகில் பற்றவைப்புக்குப் பின் ஹைட்ரஜனால் வரும் விரிசலை நம் கலைச்சொல் பட்டியலில் 'குளிர் விரிசல்' என்கிறோம். படிப்பவர் பனிக்காலக் கோளாறு என்று எண்ணுவார். மூட்டு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஆறியபின் விரிகிறது என்பதே பொருள். 'ஆறிய விரிசல்' என்றாலோ, ஆறிய புண்போல் மூடிக்கொண்டதாகத் தோன்றும். 'பின்விரிசல்' சரிவருமா?

> 'பின்விரிசல்' சரிவருமா?

வராது. தகட்டின் பின்பக்க விரிசல் என்று எடுத்துக்கொள்வார்கள். காலம் தெரிய வேண்டும். அன்று மாலை மீயொலிச் சோதனையில் குறையே காட்டாத மூட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ ஓரத்தில் மயிரிழைக் கோடு விடும். பற்றவைக்கும் மின்வில்லில் ஈரம் பிரிந்து உள்ளே போன ஹைட்ரஜன், மூட்டை ஒட்டி வெப்பம் பாதித்த பகுதியின் மார்ட்டென்சைட்டில் (எஃகு வேகமாக ஆறும்போது உண்டாகும் கடினமான அமைப்பில்) இழுவிசை குவியும் இடத்துக்கு ஊர்ந்து சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. 48 மணி நேரம் பொறுத்துச் சோதிப்பது இதற்காகத்தான். என் வாக்கு 'தாமத விரிசல்'.

இதைவிட எனக்கு உறுத்துவது 'கம்பி உலர்த்தல்', அதாவது பூச்சுள்ள பற்றவைப்புக் கம்பியைச் சூடேற்றி ஈரம் நீக்குவது. அந்தச் சொல்லை நம்பி வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைப்பவர் உண்டு. பூச்சின் சிலிகேட் பசையில் பிணைந்த ஈரம் அதற்கெல்லாம் அசையாது. 7018 என்ற வகைக் கம்பிக்கு 260 முதல் 430 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். பிறகு 120 டிகிரிக்குக் குறையாத அடுப்பிலேயே இருக்க வேண்டும். 'மறுசுடல்' பொருந்தும், ஆனால் சுடலையை நினைவூட்டுகிறது. 'மீள்சுடுகை' எனலாம்.

'முன்சூடு' இருக்கட்டும், குழப்பமில்லை. 'பின்சூடு' ஆபத்து. ஹைட்ரஜனை வெளியேற்ற 200–300 டிகிரியில் சில மணி நேரம் வைப்பதையும், தகைவு (உள்ளே தங்கிய இறுக்கம்) நீக்க 600 டிகிரி அளவில் சூடேற்றுவதையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். தணித்துப் பதப்படுத்திய (சட்டெனக் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிய) எஃகை, முன்பு பதப்படுத்திய வெப்பநிலைக்கு மேலே கொண்டுபோனால் வலிமை இறங்கிவிடும். முதலாவதற்குத் 'தொடர்சூடு' என்று வைப்போம்: மூட்டை ஆறவிடாமல் தொடர வேண்டும் என்பது வினைத்தொகையிலேயே வந்துவிடுகிறது.

> என் வாக்கு 'தாமத விரிசல்'.

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த எண்ணெய்க் குழாய்ச் சுவரில் பற்றவைப்பே இல்லாத இடத்திலும் ஹைட்ரஜனால் விரிசல் உண்டு. எனவே 'ஹைட்ரஜன் விரிசல்' பொதுத் தலைச்சொல். 'பற்றவைப்புத் தாமத விரிசல்' அதன் கீழே தனிப் பதிவு. 'குளிர் விரிசல்' என்று தேடுபவரையும் அங்கேயே அனுப்பிவிடலாம்.