புதுப்பிப்பு: மூக்கில்லா லாரியின் பெயர் தெரிந்துவிட்டது

போன வாரம் போட்ட பழைய அமெரிக்க லாரிப் படம் நினைவிருக்கிறதா? முன்னால் மூக்கே இல்லாமல், இன்ஜின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்குமே, அதேதான். அது எந்த கம்பெனி லாரி என்பதுதான் கேள்வி. நான் ‘ஒயிட்’ என்றேன். பாதிப் பேர் ‘ஃப்ரைட்லைனர்’ என்று அடித்துச் சொன்னீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் முகப்பில் இரண்டு பெயருமே இருக்கின்றன! ஃப்ரைட்லைனர் தயாரித்த லாரிகளை 1951 முதல் 1977 வரை விற்றது ஒயிட் மோட்டார் கம்பெனி. அதனால்தான் ‘ஒயிட்-ஃப்ரைட்லைனர்’ என்ற இரட்டைப் பெயர். வண்டியின் வயதும் ஓரளவு பிடிபட்டுவிட்டது. அலுமினிய கேபினின் ரிவெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவன், கண்ணெதிரே இருந்த எழுத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

அடுத்த படம்: ஜிஎம்சி ஆஸ்ட்ரோவா, செவ்ரோலெட் டைட்டனா? இரண்டுக்கும் கேபின் ஒன்றுதான், பேட்ஜ்தான் வேறு. அந்த பேட்ஜை மறைத்துக்கொண்டு ஒருவர் ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்கிறார்.