கனடாவில் சால்மன் பிடிக்க வள்ளம் ஏறும் நம் கரைப் பிள்ளைகளுக்கு

வான்கூவர் தீவில் விக்டோரியா பக்கம் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இப்போது ஒரு மாச லீவில் நீரோடியில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வடக்கே எட்டிப் பார்த்தால் பொழியூர், கேரளம். வந்த நாள் முதல் மூன்று வீட்டு அம்மாக்கள் ஒரே கேள்வியோடு வந்துவிட்டார்கள். "மக்கா, பயலு அங்கயும் வள்ளத்துல போறானாமே, அந்தக் கடல் எப்பிடி?" ஒருத்தியின் மகன் நனைமோவில் படிக்கிறான், இன்னொருத்தியின் மகன் சர்ரேயில் லாரி ஓட்டுகிறான், மூன்றாமவன் போய் நாலு மாசம்கூட ஆகவில்லை. அவர்களுக்குச் சொன்னதை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன். நீரோடி முதல் இரவிபுத்தன்துறை வரை, அந்தப் பக்கம் பொழியூர், விழிஞ்ஞம், யார் வீட்டுப் பிள்ளையானாலும் படிக்கட்டும்.

லைசென்ஸ், தூண்டில் எல்லாம் பிறகு. முதலில் தண்ணீரின் குளிர்.

ஒக்கிப் புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து உயிரோடு வந்தவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பான தண்ணீர். விக்டோரியாவுக்கும் சூக்குக்கும் முன்னால் கிடக்கிற ஹுவான் டி ஃபூகா நீரிணையில் ஆகஸ்ட் மாசத்தில்கூட 10, 12 டிகிரிதான். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1, 10, 1. முதல் 1 நிமிஷம் மூச்சு உன் சொல் கேட்காது, உள்ளிழுக்கும்போது தண்ணீரும் சேர்ந்து போகும். அடுத்த 10 நிமிஷம்தான் கையும் காலும் உருப்படியாக அசையும். உடம்பு விறைத்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். மிதவைச் சட்டை இல்லாதவன் அந்த மணி நேரத்தைப் பார்க்கவே மாட்டான். நீச்சல் தெரிந்தவனும் பத்து நிமிஷத்தில் கை ஓய்ந்து மூழ்குகிறான்.

எனக்கே நடந்தது. போன முதல் வருஷம், நவம்பர். டிரெய்லரிலிருந்து வள்ளத்தை இறக்கும் சரிவில் பாசி வழுக்கிக் கழுத்தளவு தண்ணீரில் விழுந்தேன். கரை ஆறடி தூரம். கத்த வாய் திறந்தால் சத்தம் வரவில்லை. எறிந்த கயிறு கையில்தான் கிடந்தது, விரல் மடங்கவில்லை. கூட வந்த பொழியூர் சேட்டன் என் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போட்டார். அந்தச் சட்டையை நான் விரும்பிப் போட்டிருக்கவில்லை. போடாமல் இஞ்சினைத் தொடமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததால் போட்டேன். கடலில் பிறந்தவனுக்கு இது எதற்கு என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. உனக்கும் இருக்கும். அதனால்தான் இதை முதலில் எழுதினேன். வள்ளத்தில் ஆளுக்கொரு சட்டை இருந்தால் சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது நீரேற்றம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது, அதனால் நாம் நீவாட்டையும் (கடல் நீரோட்டம்) காற்றையும் பார்த்தே பழகியவர்கள். வான்கூவரில் பெரிய ஏற்றத்தின்போது வித்தியாசம் 5 மீட்டர்வரை வரும். அத்தனை தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். கேம்பல் ரிவர் ஊருக்கு வடக்கே சீமோர் இடுக்கில் நீரோட்டம் 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) வரைக்கும் போகும். அந்த இடுக்கின் நடுவில் ரிப்பிள் ராக் என்று ஒரு பாறை நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கடைசியில் கடலடியில் சுரங்கம் தோண்டி, 1958 ஏப்ரல் 5 அன்று அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போயிற்று, ஓட்டம் போகவில்லை. நம் ஊரில் ஓடுகிற அதே 9.9 குதிரைசக்தி இஞ்சினைத்தான் அங்கேயும் மெதுவாக இழுத்து மீன் பிடிக்கக் கடையாலில் (வள்ளத்தின் பின்பக்கம்) மாட்டியிருப்பார்கள். பார்த்ததும் கை துறுதுறுக்கும். 15 நாட் ஓட்டத்தை எதிர்த்து அந்த இஞ்சின் நிற்காது. இடுக்குப் பக்கம் போகிறவன் நீரோட்ட அட்டவணை பார்த்து, ஓட்டம் அடங்கும் நேரத்தில் மட்டும் கடக்க வேண்டும்.

காற்று மேற்கேயிருந்து அடிக்க, நீர் கிழக்கேயிருந்து அதற்கு எதிரே வடிய, அரைமணிக்குள் அலை குறுகிச் செங்குத்தாக எழும். கோடையில் ஹுவான் டி ஃபூகாவில் இது மத்தியானத்துக்குமேல் அடிக்கடி நடக்கும். காலையில் கண்ணாடி மாதிரி கிடந்ததே என்று நம்பி இருந்துவிடாதே. விடியலில் போய்ப் பதினொரு மணிக்குள் கரையேறுவது என் வழக்கம். வெளிக்கரையில், தீவின் மேற்குப் பக்கத்தில், ஆகஸ்ட் மூடுபனி ஒன்று வரும், அணியத்தில் (வள்ளத்தின் முன்முனை) நிற்பவனுக்கே முன்னால் எதுவும் தெரியாது. கணியம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களை வைத்து இடம் குறித்து, மீன் பாறு (கடலடிப் பாறை) கண்டுபிடித்த தாத்தாமார் நம்முடையவர்கள்தான், ஆனால் கணியத்துக்குக் கரை கண்ணில் பட வேண்டுமே.

ரேடியோ இல்லாத வள்ளத்தில் ஏறாதே. 16ஆம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ளது. அதில் பேச ஒரு சிறு பரீட்சை எழுதிச் சான்று வாங்க வேண்டும், கடினமில்லை. கடல் வானிலையை அதே ரேடியோவில் தனிச் சேனல்களில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 20 நாட் தாண்டினால் பலத்த காற்று எச்சரிக்கை, 34 தாண்டினால் புயற்காற்று எச்சரிக்கை. சின்ன வள்ளத்துக்கு முதலாவதே போதும், வீட்டில் இரு. ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30 அன்று தூரக்கடலில் இருந்த நம் ஆட்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. எந்தெந்த வீட்டில் எத்தனை பேர் என்று இந்தத் திண்ணையிலிருந்தே எண்ணிச் சொல்ல முடியும். சேதி காதுக்கு வந்தும் கேட்காமல் போகிற பிள்ளையை என்னால் பொறுக்க முடியாது.

இனி லைசென்ஸ். "கடலுக்கு எதுக்கு மாமா லைசென்ஸு?" என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டும், வள்ளத்திலிருந்து போட்டாலும் பாலத்திலிருந்து போட்டாலும் வேண்டும். கடல்நீர் லைசென்ஸ் மத்திய மீன்வளத் துறையுடையது, ஆன்லைனில் வாங்கலாம், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக அதோடு சால்மன் முத்திரையும் வாங்க வேண்டும். ஆற்றுக்கும் ஏரிக்கும் மாகாணத்தின் லைசென்ஸ் தனி. இஞ்சின் வள்ளம் ஓட்டுகிறவனுக்குத் தனியாக ஒரு ஓட்டுநர் அட்டை, ஒருமுறை பரீட்சை தேறினால் ஆயுளுக்கும் போதும்.

நமக்குத் தடைக்காலம் என்றால் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, விசைப்படகுக்கு, அவ்வளவுதான். அங்கே கடலை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். கேம்பல் ரிவர் 13, நனைமோ 17, விக்டோரியா 19, சூக் 20, வான்கூவர் 28, 29. ஒவ்வோர் எண்ணுக்கும், ஒவ்வொரு மீனுக்கும், சில சமயம் ஒவ்வொரு மாசத்துக்கும் தனிச் சட்டம். எத்தனை மீன், எத்தனை சென்டிமீட்டர், எந்தத் துடுப்பு உள்ளது, எல்லாம் பருவத்தின் நடுவிலேயே மாறும். போன வாரம் போன அண்ணன் சொன்னான் என்று நம்பாதே. கிளம்பும் அன்று காலையில் துறையின் அறிவிப்பை நீயே பார். பாறை மீன் காப்பிடங்கள் என்று குறித்த பரப்புகளில் தூண்டில் போடவே கூடாது. அந்தப் பாறை மீன்கள் நம் கலவா போல அடிப்பாறையில் கிடப்பவை. சிலவகை நூறு வயதுவரை வாழும், ஒன்றை இழந்தால் இடம் நிரம்ப வெகுகாலம் ஆகும்.

மீனை அடையாளம் காண்பதில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். அயிலையையும் சாளையையும் இருட்டிலேயே பிரிப்பவர்களுக்கு ஐந்து சால்மனும் ஒன்றுபோலத் தெரியும். வாயைத் திறந்து பார். ஈறு கறுத்திருந்தால் சினூக், வாலின் மேல்கீழ் இரண்டு பாதியிலும் புள்ளி இருக்கும். பல்லடியில் ஈறு வெளுத்திருந்து, வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி இருந்தால் கோஹோ. வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளியும் பொடிச் செதிலுமாக இருந்தால் பிங்க். மற்ற இரண்டான சாக்கைக்கும் சம்முக்கும் கறும்புள்ளி கிடையாது. சம் மீனின் உடம்பு தடித்து, வாலடி மெலிந்திருக்கும்.

அடுத்து, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சின்னச் சதைத் துடுப்பைப் பார். நம் கெளுத்திக்கும் அது உண்டு. பண்ணையில் பொரித்து விட்ட குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டி விடுவார்கள். வெட்டுத் தழும்பு இருந்தால் பண்ணை மீன், முழுசாக இருந்தால் காட்டு மீன் என்றே கணக்கு. பல இடங்களில் கோஹோவில் பண்ணை மீனைத்தான் எடுக்கலாம். என் முதல் கோஹோவை வலையில் அள்ளி, வள்ளத்துக்குள் போட்டு, தலையில் தட்டிய பிறகுதான் துடுப்பு முழுசாக இருப்பதைக் கண்டேன். செத்ததை விட்டாலும் பிழை, எடுத்தாலும் பிழை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து, மீன் வள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் தண்ணீருக்குள் வைத்தே துடுப்பைப் பார்ப்பேன். விட வேண்டியது என்றால் கையே படாமல் தூண்டிலைக் கழற்றி விடுவேன்.

கழற்றுவது எளிது, ஏனென்றால் சால்மன் தூண்டிலில் எதிர்முள் இருக்கக் கூடாது. கடையில் முள்ளோடு வாங்கினால் குறட்டால் நசுக்கிவிடு. நம் கைக்கு இது புதிது. தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் போய்விடும், அதனால் தூண்டில் கம்பை வளைத்தே வைத்திருக்கப் பழகு.

பிடிக்கும் முறையில் உனக்குப் பாதி தெரிந்ததுதான். வள்ளத்தை மெதுவாக, 2 அல்லது 3 நாட் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இரையை இழுப்பார்கள். ஆழத்துக்கு இறக்க, சின்னக் கப்பியில் கம்பி சுற்றி, நுனியில் 10, 15 பவுண்டு ஈயக் குண்டு. மீன் கடித்ததும் தங்கூசி கிளிப்பிலிருந்து விடுபட்டுக் கம்புக்கு வந்துவிடும். இரைக்கு முன்னால் சுழன்று மின்னும் ஒரு பலகை, அதன் பின்னால் கணவாய் மாதிரி ரப்பர் குஞ்சம். அல்லது நெத்தோலி, நம்முடையதைவிடப் பெரிசு. பிளாஸ்டிக் தொப்பிக்குள் தலையைச் செருகி, உடம்பை லேசாக வளைத்து, அடிபட்ட மீன் உருளுகிற மாதிரி ஓடவிடுவார்கள். அந்த உருளலைச் சரிசெய்யும் கைதான் மீன் பிடிக்கும் கை. கோஹோ மேல்தண்ணீரில் வரும். சினூக்குக்கு நூறடிக்குக் கீழும் இறக்க வேண்டிவரும்.

என் மனசுக்குப் பிடித்த இடம் கேம்பல் ரிவர். அங்கே 1924இல் தொடங்கிய டையீ கிளப் இருக்கிறது. அதில் உறுப்பினராகக் காசு போதாது. இஞ்சின் இல்லாத, துடுப்பு வலிக்கிற வள்ளத்திலிருந்து, 20 பவுண்டுக்கு மேல் தாங்காத தங்கூசியில், செயற்கை இரையில், 30 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள சினூக்கைப் பிடிக்க வேண்டும். விடியலில் வரிசையாக வள்ளங்கள், துடுப்புச் சத்தம் மட்டும். வலிக்கிறவனின் கை சீராக இல்லாவிட்டால் இரை ஆடாது. கட்டுமரம் வலித்த நம் அப்பாமாரை அங்கே உட்கார வைத்தால் யாருக்கும் குறைந்தவர்களாக இருக்கமாட்டார்கள். அதைப் பார்த்த அன்றுதான் அந்தக் கடல் எனக்கு அந்நியமாகப் படாமல் போனது.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்த மீனை விற்கவும் கூடாது, பண்டமாற்றுக்குக் கொடுக்கவும் கூடாது. நம் ஆட்கள் நடத்தும் கடைக்கு நாலு மீன் கொடுத்தால் என்ன என்று நினைக்காதே. எடுத்த சினூக்கை உடனே, வள்ளத்திலேயே, லைசென்ஸில் பதிய வேண்டும். வகையும் நீளமும் தெரியாதபடி கடலிலேயே துண்டு போடக் கூடாது.

இதில் நம்மில் சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன், பழங்குடிகளுக்கு மட்டும் முன்னுரிமையா என்று. கடல் எங்கள் உரிமை என்று இந்தக் கரையில் தலைமுறையாகப் பேசுகிறவர்கள் நாம். மஸ்குவீம் பழங்குடி மக்களில் ஒருவர்மேல் மீன் பிடித்ததற்காகப் போடப்பட்ட ஸ்பாரோ வழக்கில் 1990இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: மீனினத்தைக் காப்பது முதலில், அதற்கடுத்து அவர்களின் உணவுக்கும் சடங்குக்குமான மீன், மற்றவர்கள் பிறகு. நம் கோயில் கொடியேற்றுக்கு மீன் இல்லை, வெளியூர்க்காரன் விளையாட்டுக்குப் பிடித்துவிட்டான் என்றால் நாம் என்ன செய்வோம்? அந்தக் கரையில் நாம்தான் வெளியூர்க்காரர். தெற்குக் கூட்டத்துக் கொலைத்திமிங்கலங்களும் பெரும்பாலும் சினூக்கையே தின்று வாழ்பவை, அவை நூறுகூட இல்லை. கண்டால் விலகிப் போ, எவ்வளவு தூரம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தத்தை ஒழுக விட்டு ஐஸில் வை. நாம் ஊரில் இப்படிச் செய்வதில்லை, ஆனால் சால்மனுக்குச் செய்தே ஆக வேண்டும். பிங்க் மீனை ஐஸில்லாமல் இரண்டு மணி நேரம் விட்டால் சதை குழைந்துவிடும். தேங்காய் அரைத்த குழம்புக்கு சாக்கையைவிட பிங்க்தான் எனக்குச் சரி, எண்ணெய் குறைவு, மசாலா ஏறும். கோஹோவைப் பொரிக்கலாம்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: ஃபிரேசர் ஆற்றுக்குப் பிங்க் மீன் ஒற்றைப்படை வருஷங்களில்தான் கூட்டமாக வரும், ஆகஸ்ட், செப்டம்பரில். கடலை அறிமுகம் செய்துகொள்ள அதுவே நல்ல மீன். முதல் வருஷம் சொந்த வள்ளம் வாங்காதே, தெரிந்தவரோடு ஏறு. நான் அடுத்த மாசம் திரும்பிவிடுவேன். விக்டோரியா பக்கம் இருக்கிறவன் ஞாயிறு பூசை முடிந்து வரலாம், கம்பும் இரையும் ரேடியோவும் என் வள்ளத்தில் உண்டு. மிதவைச் சட்டை மட்டும் உன் மார்பளவுக்கு நீயே வாங்கி, போட்டுக்கொண்டே வா.