மாமனார் சல்லிவன், மரபணு ஹாரிங்டன்: எதை நம்புவது?

கார்க் மருமகள் கேட்கிறார்:

வணக்கம். பதினோரு ஆண்டுகளாக அயர்லாந்தின் கார்க் நகரில் செவிலியராக இருக்கிறேன். கணவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர். குடும்பப் பெயர் ஓ'சல்லிவன். மாமனாருக்கு வயது 79. பேரா தீபகற்பத்தின் கடைக்கோடியில், கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறார். மீன்பிடிப் படகில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்.

அவருக்குக் குடும்பப் பெயர்தான் உயிர். 1602 டிசம்பர் 31 அன்று டோனல் காம் ஓ'சல்லிவன் என்ற குலத்தலைவர் ஏறக்குறைய ஆயிரம் பேருடன் கிளென்காரிஃபிலிருந்து வடக்கே நடந்ததையும், பனியிலும் பசியிலும் சண்டையிலும் மடிந்தவர்களும் வழியிலேயே பிரிந்தவர்களும் போக 35 பேர் மட்டுமே லீட்ரிம் போய்ச் சேர்ந்ததையும் என் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. "அது நம் குலம்" என்றுதான் முடிப்பார்.

கிறிஸ்துமஸுக்கு பாஸ்டனில் இருக்கும் பேத்தி அவருக்கு தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமுக்கான சோதனைப் பெட்டி அனுப்பினாள். 37 குறியிடங்கள் பார்க்கும் சோதனை. போன மாதம் முடிவு வந்தது. மிக நெருங்கிய பொருத்தங்கள் எட்டு. அதில் ஆறு பேர் ஹாரிங்டன். சல்லிவன் ஒருவர்கூட இல்லை. பிரிவு என்ற இடத்தில் 'ஆர்-எம்269' என்று போட்டிருக்கிறது.

நான்தான் திரையைப் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சல்லிவன் சின்னம் பொறித்த மரப்பலகையைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது, சுற்றிலும் வெளுக்காத ஒரு சதுரத்துடன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

சோதனை தவறாக இருக்குமா? பரம்பரையில் யாரோ ஒரு பெண் மறைத்ததுதான் இது என்று மைத்துனர் பேசுகிறார். முகம் தெரியாத ஒருத்தியின் மேல் அப்படிப் பழி போடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:

அம்மா, முதலில் அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த முடிவில் அவமானப்பட ஒன்றுமே இல்லை.

சோதனை தவறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒய் குரோமோசோமில் சில இடங்களில் ஒரே எழுத்துத் தொடர் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். 37 இடங்களில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார்கள். இருவருடைய எண்ணிக்கைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், தந்தைவழியில் சில நூற்றாண்டுகளுக்குள் அவர்களுக்கு ஒரே முன்னோர் இருந்திருக்க வேண்டும். ஆறு ஹாரிங்டன்கள் தற்செயலாக வந்து நிற்க மாட்டார்கள். 'எம்269' என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அயர்லாந்து ஆண்களில் பெரும்பாலோர் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

உங்கள் மாமனார் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் மெக்கெவாய், பிராட்லி இருவரும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 43 குடும்பப் பெயர்கள், 1,125 ஆண்கள். மர்பி, கெல்லி போன்ற பெயர்கள் பல ஊர்களில் தனித்தனியே பல மூதாதையரிடமிருந்து தோன்றியவை. சல்லிவன், ரையன் ஆகியவற்றுக்கோ பெரும்பங்கு ஒரே மூதாதையர். ஆனால் ஆராய்ந்த எந்தப் பெயரிலும், இன்று அதைத் தாங்குபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மேல் அந்த முதல் ஆளின் நேரடி ஆண்வழியில் வந்தவர்களாக இல்லை. சல்லிவனிலும் அப்படித்தான்.

இது ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். தலைமுறைக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கு மட்டும் பெயரும் ஆண்வழியும் பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது தலைமுறை கடந்தால் சேர்ந்தே வந்தவர்கள் 55 பேர்தான் மிஞ்சுவார்கள். மீதி 45 குடும்பங்களிலும் யாரோ தவறு செய்தார்கள் என்று பொருளா? தத்து, கணவன் இறந்தபின் மறுமணம், தாய் வீட்டில் வளர்ந்த பிள்ளை, பாட்டன் நிலத்தோடு பாட்டன் பெயரையும் எடுத்துக்கொண்ட பேரன் என்று எத்தனையோ வழிகள் உண்டு. மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பத்துத் தலைமுறைக்கு முன்னால் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஓர் ஆளைத்தான் காட்டுகிறது. பேராவில் பிறந்தவருக்கு மற்ற 1,023 இடங்களிலும் சல்லிவன் இல்லாமல் போகுமா?

மன்ஸ்டர் வாசகன்:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு பெயரைப் பற்றியும் கொஞ்சம். ஐரிஷில் இது 'ஓ சூலவான்'. 'சூல்' என்றால் கண். கருங்கண்ணன், ஒற்றைக்கண்ணன் என்று அறிஞர்கள் இரண்டு விதமாகப் பிரிக்கிறார்கள். முன்னால் நிற்கும் 'ஓ' பழைய ஐரிஷில் 'உஆ', பொருள், பேரன். நம் மொழியிலும் பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே பெயரன், பேரன் என்றானது? அயர்லாந்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல் அப்படியே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

சல்லிவன்கள் பேராவின் பூர்வகுடிகளும் அல்லர். டிப்பரரியில் இருந்தவர்கள். 1169இல் நார்மன்கள் வந்தபின் மேற்கே கார்க், கெர்ரி பக்கம் தள்ளப்பட்டார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள்? ஊருக்குத் தலைவனாக வந்தவனின் பெயரைச் சிலர் ஏற்றுக்கொள்வது அந்தக் காலத்தில் நடந்ததுதான்.

டப்ளின் கணக்கர்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் அலுவலகத்தில் ஓ'நீல் ஒருவர் 'ஒன்பது பிணைக்கைதிகளின் நயால்' மன்னரின் நேர் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறார். அதுவும் டிரினிட்டி ஆய்வு என்கிறார். உண்மையா?

மன்ஸ்டர் வாசகன்:

அதுவும் 2006தான், அதே ஆய்வுக்கூடம். வடமேற்கு அயர்லாந்தில் சோதித்த ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. கேலகர், டோஹர்ட்டி போன்ற பெயர்களில் அது நிறையத் தெரிந்ததால், ஐந்தாம் நூற்றாண்டு நயாலோடு முடிச்சுப் போட்டார்கள். எம்222 என்ற அந்தக் கிளை நயாலுக்கும் முந்தையது என்று பின்னர் வந்த கணிப்புகள் காட்டுகின்றன. தவிர, ஓ'நீல் என்ற குடும்பப் பெயர் அந்த நயாலிடமிருந்து வரவில்லை. 919இல் டப்ளின் அருகே வைக்கிங்குகளுடன் போரிட்டு மாண்ட 'கருமுழங்கால் நயால்' என்ற வேறொரு மன்னரின் பேரன்வழியில் வந்தது.

ஆவணக் காப்பாளர்:

சகோதரி, மரபணு கேள்வியைத்தான் எழுப்பும். விடை காகிதத்தில் இருக்கிறது. 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக்காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசு அழித்திருந்தது. ஆனால் 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக, இலவசமாக இணையத்தில் உள்ளன. பிறப்பு, இறப்பு அரசுப் பதிவு 1864இல் தொடங்கியது. அதற்கு முன் போக வேண்டுமானால் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேடுகள். தேசிய நூலகம் அவற்றின் படங்களை வெளியிட்டிருக்கிறது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஞானப் பெற்றோர் பெயரையும் விடாமல் பாருங்கள்.

கிரிஃபித் நில மதிப்பீட்டில் (1847–1864) அந்தச் சிற்றூரில் அடுத்தடுத்த நிலம் யாருடையது என்றும் பாருங்கள். பேராவில் சல்லிவன்கள் அதிகம் என்பதால் 'பான்' (வெளுத்த), 'ருவா' (செம்முடி) என்று அடைமொழி வைத்துத்தான் வீடுகளைப் பிரித்துச் சொல்வார்கள். மாமனார் வீட்டுக்கு ஊரில் என்ன அடைமொழி என்று கேளுங்கள். ஏட்டில் இல்லாதது அதில் இருக்கக்கூடும்.

கார்க் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று இரவுப் பணிகளுக்கு நடுவே தேடினேன்.

1901 கணக்கெடுப்பில் மாமனாரின் பாட்டனார் 12 வயதுச் சிறுவன். அவருடைய தந்தை டேனியல் சல்லிவன், வயது 44. திருமுழுக்கு ஏட்டில் 1856ஆம் ஆண்டுப் பக்கங்களில் அந்தச் சிற்றூரில் டேனியல் சல்லிவன் எவரும் இல்லை. ஒரே ஒரு டேனியல்தான்: தந்தை ஹாரிங்டன், தாய் சல்லிவன். கிரிஃபித் மதிப்பீட்டில் அந்த நிலம் ஒரு சல்லிவன் விதவையின் பெயரில் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு ஆண் வாரிசு இல்லை போலும். ஹாரிங்டன் வீட்டுப் பையன் அங்கே வீட்டோடு மாப்பிள்ளையாக வந்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளை ஊர் அந்த வீட்டின் பெயராலேயே அழைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். "அப்படியானால் இந்த நிலம் அவள் வழியாகத்தான் வந்தது" என்றார். அடைமொழியைக் கேட்டேன். வீட்டை ஊரார் 'விதவையின் சல்லிவன்கள்' என்பார்களாம். எந்த விதவை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லையாம். பிறகு உருளைக்கிழங்கும் மீனும் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார்.

மரப்பலகை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நானும் கேட்கவில்லை.

திருமணப் பதிவு கிடைத்தால் உறுதியாகிவிடும். 1855 பிப்ரவரியில் ஒரு வரி இருக்கிறது. ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது. லத்தீன் சுருக்கங்கள் வேறு. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். மணமகன் பெயரின் முதல் எழுத்து 'ஹெச்' தானா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.