பின் பம்பரைக் கழற்றினேன், எக்ஸோஸ் புகை காருக்குள் வந்தது

செந்தூல், டாட்சன் 240இசட்

என் வண்டி 1972 மாடல் டாட்சன் 240இசட். ஈப்போவில் ஒரு சீன அங்கிள் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்து, கண் பார்வை மங்கிப் போனதால் எனக்குக் கொடுத்தார். என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பத்து தீகாவில் ரேஸ் நடந்த காலத்தில் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பாராம், அங்கே பார்த்த இந்த நீள மூக்கு வண்டியைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். 1971லும் 1973லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை ஜெயித்தது இதே 240இசட்தான். 73இல் ஓட்டியவர் ஷேகர் மேத்தா, இந்திய வம்சாவளிக்காரர். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் சொந்தக்காரர் ஜெயித்த சந்தோஷம் இருக்கும். அப்படி வந்த ஆசை இது, அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

இந்த வண்டியின் பின் பம்பர் ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் வளைந்து பாடியைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி இரண்டு, மூன்றையும் போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். அந்த இணைப்பில்தான் மழைத் தண்ணீரும் சேறும் தங்கும். என்னுடையது வெளியே பளபளப்பாக இருந்தது, உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் துரு செதில் செதிலாக வந்தது. குரோம் போட்டு எடுக்கலாம் என்று விலை கேட்டேன், அப்போது கையில் அவ்வளவு காசு இல்லை. ஜப்பானில் பம்பரே இல்லாமல் ஓடுகிற ஃபேர்லேடி இசட் (அங்கே இந்த வண்டிக்குப் பெயர்) படங்களை நிறையப் பார்த்து மனதில் ஆசை வேறு ஏறியிருந்தது. சரி, கழற்றிவிடலாம், பிராக்கெட் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். இரண்டு போல்ட் துருவில் முறிந்தது, மற்றபடி அரை நாள் வேலை.

அதே வாரம் எக்ஸோஸ். பழைய குழாய் சைலன்சர் பக்கம் ஓட்டை விழுந்து, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் மாடி வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். கடையில் இரண்டரை இஞ்ச் குழாய், புது சைலன்சர், பின்னால் இரட்டை வாய் என்று போட்டார்கள். இங்கேதான் தப்பு நடந்தது, அதைச் சொன்னது நான், கடைக்காரர் இல்லை. பம்பர் இல்லாததால் குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, பார்க்க நன்றாக இல்லை. பின் தகடோடு சமமாக வெட்டிவிடுங்கள் என்றேன். அவர் இரண்டு தரம் கேட்டார், "கொஞ்சம் விட்டு வைக்கலாமே" என்று. நான் கேட்கவில்லை. அப்புறம் பெயின்ட் கடையில் பின் விளக்குகளைக் கழற்றித் திரும்ப மாட்டியபோது, அதன் பின்னால் இருந்த பழைய ரப்பர் காஸ்கெட் கையோடு உதிர்ந்துவிட்டதாம், இல்லாமலேயே மாட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியாது.

போன தைப்பூசத்துக்கு மகளும் நானும் பினாங்கு தண்ணீர்மலைக்குக் கிளம்பினோம். ரவாங் தாண்டுவதற்குள் லேசாக ஒரு வாடை, பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாடை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். சிலிம் ரிவர் பக்கம் மகள் தலை வலிக்கிறது என்றாள். காற்று வரட்டும் என்று இரண்டு கண்ணாடியையும் இறக்கினேன். வலி குறையவில்லை, கூடியது. தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தியதும் கதவைத் திறந்து அப்படியே வாந்தி எடுத்தாள். எனக்கும் நெற்றி இரண்டு பக்கமும் இறுகிப் போயிருந்தது. மரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு இரண்டு பேருக்கும் தெளிந்தது, மறுபடி ஏறி இருபது நிமிடம் ஓட்டியதும் திரும்ப அதே வலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈப்போவிலேயே நிறுத்தி, அந்த அங்கிள் வீட்டில் வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறித்தான் பினாங்கு போனோம். அன்றைக்கு அவள் முகம் வெளுத்திருந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

திரும்பி வந்து போமனோடு (மெக்கானிக்) உட்கார்ந்து பேசியபோது விஷயம் புரிந்தது. இந்த மாதிரி சரிந்த முதுகு வண்டி ஓடும்போது கூரை மேல் வருகிற காற்று பின்னால் பிரிந்துபோகும், பின் தகட்டுக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகும். குழாய் வாய் அந்தச் சுழலுக்குள்ளேயே இருந்தால் புகை பின்னால் போகாது, வண்டியோடு ஒட்டிக்கொண்டே வரும். கண்ணாடியை இறக்கினால் உள்ளே அழுத்தம் இன்னும் குறைந்து, பின்னால் உள்ள ஒவ்வொரு சந்து வழியாகவும் புகையை இழுக்கும். நான் காற்றுக்காகச் செய்தது புகையைக் கூப்பிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. இந்த மாடலில் ஆரம்ப வண்டிகளுக்குப் பின் கதவிலேயே காற்று போகிற கிரில் இருந்தது, அப்புறம் அதை எடுத்துப் பக்கத் தூணுக்கு மாற்றினார்கள். புகைத் தொல்லை இந்த வண்டிக்குப் புதுசு இல்லை, நான்தான் அதை அதிகமாக்கிவிட்டேன்.

எக்ஸோஸ் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. நமக்கு வருகிற வாடை எரியாத பெட்ரோலுடையது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். நம் வண்டிகளுக்குப் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இல்லை, கார்புரேட்டர் கொஞ்சம் ரிச்சாக (காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக) இருந்தாலே அளவு ஏறிவிடும். என்னுடையது ரிச்சாகத்தான் இருந்தது, பின்னால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி.

எங்கே சந்து என்று கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன், காசு செலவில்லாத வேலை. ராத்திரி கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் பெரிய டார்ச் லைட்டைப் போட்டுக் கதவை மூடினேன். பின் விளக்கைச் சுற்றி மூன்று இடத்தில், நம்பர் பிளேட் விளக்குக்குக் கீழே, பின் கதவின் இடது மூலையில் கோடு கோடாக வெளிச்சம் வெளியே வந்தது. அடுத்து ஒரு ரிங்கிட் நோட்டை ரப்பர் மேல் வைத்துப் பின் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன், நல்ல இடத்தில் நோட்டு பிடித்துக்கொள்ளும், இடது மூலையில் வெண்ணெயில் இருந்து வருகிற மாதிரி வந்துவிட்டது. கடைசியாக, கண்ணாடியெல்லாம் ஏற்றி, எஞ்சினை அணைத்து வைத்து, உள்ளே ஃபேனை ஃபுல்லில் ஓடவிட்டு வெளியே ஊதுவத்தியைச் சந்துக்குச் சந்து காட்டினோம். ஃபேன் உள்ளே காற்றைத் தள்ளுவதால் ஓட்டை இருக்கிற இடத்தில் புகைக்கோடு சட்டென்று வெளியே ஒடியும். ஸ்பேர் டயர் பள்ளத்தில் ஒரு ரப்பர் மூடி இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. டாங்கியில் பெட்ரோல் வாடை கொஞ்சம்கூட இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நெருப்பு வைத்துச் செய்தோம், அதை நீங்களும் பாருங்கள்.

பம்பரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கெப்போங் பக்கம் ஒரு குரோம் கடையில் பழைய பூச்சை உரித்து, துரு தின்ற இடத்தை வெல்டிங் வைத்து, செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று பூச்சும் போட்டுக் கொடுத்தார்கள், ஏழு வாரம் ஆனது. எக்ஸோஸ் வாயைப் பம்பர் விளிம்பைத் தாண்டி இரண்டு இஞ்ச் வெளியே வருகிற மாதிரி நீட்டினோம். விளக்குகளுக்கு ஸ்பாஞ்ச் ரப்பர் ஷீட் வாங்கிப் பழைய வடிவத்துக்கு நானே வெட்டிப் புது காஸ்கெட் செய்தேன். வீட்டில் வைக்கிற கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி சீட்டுக்கு நடுவில் வைத்துக் காராக் ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். காஸ்கெட் மட்டும் போட்டிருந்த நிலையில் 40 வரை காட்டியது, குழாயை நீட்டிய பிறகு 0. கண்ணாடி இறக்கினாலும் 0.

பட்டர்வொர்த், எம்ஜிபி

அண்ணே, மகளுக்கு இப்போது ஒன்றும் இல்லையே? படித்ததும் கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது.

என் கதை வேற. என்னுடையது 1976 எம்ஜிபி, கறுப்பு ரப்பர் பம்பர் வந்த பிறகு செய்த வண்டி. அமெரிக்காவில் மோதல் சட்டம் வந்ததால் 1974 கடைசியில் எல்லா எம்ஜிபிக்கும் அந்தப் பெரிய பம்பரைப் போட்டார்கள், விளக்கு உயரம் சட்டத்துக்குள் வரவேண்டும் என்று வண்டியையும் தூக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய குரோம் பம்பர் முகம்தான் பிடிக்கும். கழற்றி மாட்டினால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பின்பக்க ரப்பரை எடுத்த பிறகுதான் தெரிகிறது, விளக்குக்குக் கீழே பாடி பாதியில் நின்றுபோகிறது, அந்த ரப்பர்தான் அதுவரை மூடி வைத்திருந்தது. கீழ்த் துண்டுகளைத் தகட்டில் அடித்து வெல்டிங் பண்ண வேண்டும், பிராக்கெட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டும். பிறை ஊரில் ஒரு ஐயா தகட்டைக் கையாலேயே மரச் சுத்தியலில் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்தார், பக்கத்தில் நின்று மூன்று நாள் பார்த்தேன், இடது பக்கத்தைச் செய்து முடித்து அட்டையில் அச்சு எடுத்துத்தான் வலது பக்கத்தைத் தொட்டார்.

அப்புறம் உயரத்தைக் குறைத்தேன். அங்கேதான் எக்ஸோஸ் பிரச்சினை. எம்ஜிபியில் குழாய் ஏற்கெனவே தாழ்வு, குறைத்த பிறகு எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் உரசியது. ஒரு நாள் ரப்பர் மவுண்ட் அறுந்து, குழாய் தரையில் இழுபட்டுக்கொண்டே பினாங்குப் பாலத்தில் பாதி தூரம். பதிமூன்றரை கிலோமீட்டர் பாலம், ஓரமாக நிறுத்திக் கம்பி வைத்துக் கட்டும்வரை உயிர் கையில் இல்லை. இப்போது முக்கால் இஞ்ச் திரும்ப ஏற்றிவிட்டேன், பார்க்கக் கொஞ்சம் உயரம்தான், பரவாயில்லை.

ஜெலுத்தோங், எக்ஸோஸ் வேலை செய்பவன்

240இசட் தம்பிக்கு ஒன்று. இரண்டரை இஞ்ச் குழாயை எப்படி வளைத்தார்கள் என்று பாருங்கள். சாதாரண மெஷினில் வளைத்தால் வளைவில் சுருக்கம் விழும், பெயருக்குத்தான் இரண்டரை, வளைவில் இரண்டு கூட இருக்காது. மாண்ட்ரல் வளைவு என்றால் உள்ளே உருளை விட்டு வளைப்பதால் வட்டம் வட்டமாகவே இருக்கும், காசு அதிகம். நிறையப் பேர் குழாயின் வாயில் பணத்தைப் போடுகிறார்கள், வளைவில் போடுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இன்னொன்று, அந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸோஸும் ஒரே பக்கம், ஒன்றுக்கு மேல் ஒன்று. ஹெடர் (எஞ்சினோடு சேர்கிற எக்ஸோஸ் குழாய்க் கூட்டு) போடுகிறவர்கள் இடையில் உள்ள வெப்பத் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில், ஜாமில் அரை மணி நேரம் நின்று எஞ்சினை அணைத்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் கொதித்துவிடும், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. என்னிடம் வந்தால் தகடு இல்லாமல் நான் மாட்டித் தருவதில்லை. பின்னால் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், டாங்கி பக்கத்திலேயே இருக்கிறது, முடிந்தால் குழாயைக் கீழே இறக்கி வெளியில் வைத்து வெல்டிங் பண்ணச் சொல்லுங்கள்.

சுபாங் ஜெயா

சத்தம் எப்படி அண்ணே? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தடுப்பில் நிறுத்தினார்களா?

செந்தூல், டாட்சன் 240இசட்

மகள் நன்றாக இருக்கிறாள், கேட்டதற்கு நன்றி தம்பி.

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு நேற்று வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். பின் ஆக்சில் பக்கம் இரண்டு வளைவிலும் சுருக்கம் இருக்கிறது. அதை மட்டும் வெட்டி மாண்ட்ரல் வளைவு வைக்கலாமா, மொத்தமாக மாற்ற வேண்டுமா? ஜெலுத்தோங்குக்கு ஓட்டிக்கொண்டு வரத் தயார்.

சத்தம் பற்றி. ஒரு தடவை டூத்தா பக்கம் நிறுத்தினார்கள். 1987ஆம் வருட இரைச்சல் விதிமுறையின்படி மீட்டர் வைத்து அளப்பார்கள், அதிகாரி குழாய்க்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்து எஞ்சினை ஏற்றச் சொன்னார், அளவுக்குள் இருந்தது, விட்டுவிட்டார். முதலில் இருந்த ஓட்டைக் குழாயோடு போயிருந்தால் நிச்சயம் சமான் (அபராதம்) தான். சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள், நான் போடவில்லை. ஆறு சிலிண்டர் இழுக்கிற சத்தம் சைலன்சர் வழியாக வரும்போதுதான் எனக்கு அழகு. இன்சூரன்ஸிலும் மாற்றத்தைச் சொல்லி எழுதி வாங்கிவிட்டேன்.

விளக்கு காஸ்கெட்டுக்கு நான் வெட்டிய அட்டை அச்சு இரண்டும் வீட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் சொல்லுங்கள், நகல் வெட்டித் தருகிறேன். சனிக்கிழமை கெப்போங் போகிறேன், பம்பர் நடுவில் வருகிற ரப்பர் பட்டை இன்னும் வரவில்லை என்று போன வாரம் சொன்னார்கள், அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.