எல்லைக் கொள்ளளவு ஏலம்: குறைத்த அளவை மீண்டும் கூட்டலாமா?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் எல்லைப் புள்ளியில், இயற்கை எரிவாயுக் குழாயில் இடம் பதிவு செய்வதற்கான ஆண்டுக் கொள்ளளவு ஏலம். மணிக்கு 10,000 கிலோவாட்-மணி கேட்டுவிட்டு, விலை ஏறியதும் 6,000 ஆகக் குறைத்தால் பிறகு கூட்ட முடியுமா?

பதில் 1: விலை பெரிய படிகளாக ஏறும் சுற்றுகளில் முடியாது. ஆனால் மொத்தக் கேட்பு முதன்முறையாக விற்பனைக்கு வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால், ஏலம் முந்தைய சுற்றின் விலைக்குத் திரும்பிச் சிறு படிகளில் ஏறும். அப்படி இறங்கியது நீங்கள் 6,000 ஆகக் குறைத்த சுற்றில் என்றால், அந்தச் சிறு படிகளில் 6,000 முதல் 10,000 வரை கேட்கலாம். 6,000க்குக் கீழே போகவே முடியாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பதில் 2: முதல் சுற்றைத் தவறவிட்டால் அந்த ஏலத்தில் நுழையவே முடியாது. மறுநாளுக்கான ஏலமோ ஒரே சுற்று, அனைவருக்கும் ஒரே விலை. ஒருவர் 10 கேட்புகள் வரை தரலாம். குறைந்தபட்ச அளவையும் குறிப்பிடுங்கள், அதற்குக் கீழே ஒதுக்க நேர்ந்தால் கேட்பு செல்லாது.

பதில் 3: எல்லையின் இருபக்கக் கொள்ளளவையும் சேர்த்து விற்கும்போது, அடிப்படை விலை (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) இருபக்கக் கட்டணங்களின் கூட்டுத்தொகை. கணக்கில் இரண்டையும் சேருங்கள்.